முதல் வரிசை

மெல்லிசைக் குழுவின் வெள்ளி விழா மேடையில், பாங்கோஸ் வாசிக்கும் தேவசகாயம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்த விழாப் புரவலர் சங்கரபாண்டியன், இருபது வருடங்களுக்கு முந்தைய கோயில் கொடைக் கச்சேரிக்குத் தாவினார். அந்தக் கச்சேரியைக் கேட்டதாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையிலேயே அன்று வந்திருந்தால் திடல் போதாமல் போயிருக்கும்.

"முதல் வரிசைல நான்! கொட்டுற மழைல அந்தப் பாங்கோஸ் பேசிச்சி, சிரிச்சி, கடைசில அழுதுச்சி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பாடகி எஸ்தர் தேவசகாயத்திடம் கிசுகிசுத்தாள். "அண்ணாச்சி, அன்னிக்கு நீங்க மஞ்சக்காமாலைல படுத்துல்லா கெடந்திய?"

"சும்மா இரும்மா."

இத்தனை வருடத்தில் மேடையில் பாங்கோஸைப் பற்றிப் பேசிய முதல் மனிதர் இவர்தான். எப்போதும் பாடகர்களோடு நின்றுவிடுகிற கைதட்டல், இன்று கடைசி நாற்காலியைத் தேடி வந்தது.

புரவலர் பொன்னாடையோடு நெருங்கினார். தேவசகாயம் எழுந்து கழுத்தை நீட்டினார். போர்த்துகிற சாக்கில் புரவலர் அவர் காதோரம் குனிந்தார்.

"நெசமாவே அன்னிக்கு அவ்வளவு நல்லாவா வாசிச்சிய?"

நழுவப்போன பொன்னாடையைத் தேவசகாயம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முதல் வரிசைல இருந்த நீங்கல்லா அண்ணாச்சி அதைச் சொல்லணும்."