ஏரிக்கரை பூதத்தின் குல்லா

"அவர் தலையை இன்னிக்கே முடிச்சிடுங்க. விட்டா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்," என்றாள் ப்ரியா, ஜன்னல் திரையை லேசாக விலக்கிக் கீழே பார்த்தபடி.

கிரீஷ் சரியென்றான். கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப்பைத் திறந்து, அந்தத் தலையை மட்டும் தனியாக வளைத்துப் பிடித்தான்.

அவன் தனியாளாக உருவாக்கிய மொபைல் கேமில் வரும் ஏரிக்கரை பூதத்தின் தலை அது. மெரூன் மங்கி குல்லா, வெள்ளை மீசை, தொப்பை, கையில் வாக்கிங் ஸ்டிக். வரையும்போது கற்பனை ஓடாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததுதான் வினை. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் யக்ஞநாராயணன் அப்படியே பூதமாகிவிட்டார்.

கேம் இப்போது சிட்லபாக்கம் பிள்ளைகள் எல்லோர் கையிலும். காலையில் அவர் ஏரிக்கரையில் நடை போனால், "பூதம் வருதுடா" என்று சிதறி ஓடினார்கள். அவருக்கு விஷயம் புரியவில்லை போலிருக்கிறது. குச்சியை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார்.

புரிந்துவிட்டால்? மொட்டை மாடிக் கொடியில் தன் வேட்டிக்குப் பக்கத்தில் ஜீன்ஸ் காயப்போட்டதற்காக முந்தைய குடித்தனத்தையே காலி செய்யச் சொன்னவர். இவர்கள் பால் காய்ச்சிக் குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது?

பூதத்தின் உருவத்தை மாற்றினால் நடப்பது, ஓடுவது, குச்சியை ஓங்குவது என்று எல்லாப் படங்களையும் திரும்ப வரைய வேண்டும். நிறம் மட்டும் என்றால் சுலபம். மெரூனைப் பச்சையாக்கி, அப்டேட்டை அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யக்ஞநாராயணன் பச்சைக் குல்லாவில் வாக்கிங் கிளம்பினார்.

கிரீஷுக்குக் காபி புரையேறியது. "மார்கழிக் குளிருக்கு ரெண்டு வெச்சிருப்பார். பழசைத் துவைக்கப் போட்டிருப்பார்," என்று அவன் தலையில் தட்டினாள் ப்ரியா.

பச்சையை மஞ்சளாக்கினான். அடுத்த வாரமே மாடிப்படியில் எதிரே வந்தவர் தலையில் பளிச்சென்று மஞ்சள். காதோரம் விலைச்சீட்டின் நூல்கூட அறுபடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, வேலை ஜாஸ்தியோ? கலர் கலரா ஏதோ பண்ணிண்டே இருக்கே," என்று அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். கிரீஷ் ஏதோ உளறிவிட்டு, இறங்க வந்ததையும் மறந்து மேலே ஓடினான்.

இந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா என்று அவன் புலம்ப, ப்ரியா தன் நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து மானிட்டர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ரோஸைப் போடுங்க. இதையும் அவர் தலையில மாட்டிண்டு வந்தார்னா, நானே பெட்டியைக் கட்டறேன்."

ரோஸ் போட்டான். அதற்கப்புறம் யக்ஞநாராயணனை ஏரிக்கரைப் பக்கமே காணோம். கண்டம் கழிந்தது என்று ப்ரியா கேசரி கிளறினாள்.

கேசரி வாயில் இருக்கும்போதே காலிங் பெல் அடித்தது.

வாசலில் யக்ஞநாராயணன். தலையில் குல்லா இல்லை, துண்டைச் சுற்றியிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. கையிலிருந்த ஃபோனில், ரோஸ் குல்லா பூதம் குச்சியை ஓங்கிக்கொண்டு நின்றது.

கிரீஷ் கேசரியை அவசரமாக விழுங்கினான். "சார், சத்தியமா அது நீங்க இல்ல சார்," என்றான். வேண்டுமானால் இப்போதே பூதத்தை கேமிலிருந்தே தூக்கிவிடுவதாகவும், வீட்டை மட்டும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றும் கெஞ்சினான். பின்னால் ப்ரியா கைகூப்பி நின்றாள்.

பெரியவர் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, துண்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பச்சை, மஞ்சள் வரைக்கும் எப்படியோ வாங்கிட்டேம்ப்பா. தாம்பரம் மார்க்கெட் பூரா அலைஞ்சும் இந்த ரோஸ் குல்லா மட்டும் கிடைக்கவே மாட்டேங்கறது."