என் பெயர் பொறித்த டம்ளர்

எனக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று மூன்று வாரமாக என் டம்ளர் சொல்கிறது. எச்சில் பட்டால் நோயைக் கண்டுபிடிக்கும் டம்ளர். நோய் இருந்தால் அடிப்பாகம் சிவந்து, நோயின் பெயரையும் காட்டும். கழுவப் போகும்போது பார்த்துவிட்டு, மனைவி குணவதிதான் வந்து சொல்வாள். டாக்டரோ இரண்டு முறை வயிற்றுக்குள் கேமராவை விட்டுத் துழாவிவிட்டு, "ஒண்ணுமே இல்ல சார்" என்கிறார். யாரை நம்பித் தொலைப்பது?

"எதுக்கும் வேற டாக்டரப் பாக்கலாங்க," என்று குணவதி காபியை நீட்டினாள். அவளுடைய டம்ளர் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. நாலு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் ஓமத்தண்ணீர் குடிக்கிறாள். கேட்டால், வெறும் கேஸ் என்பாள்.

வழக்கம்போல் அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தேன். கால்வாசி மிச்சம் வைத்தேன். டம்ளர் சிவக்கவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். எப்போதுதான் சிவக்கிறது பார்ப்போமென்று இன்று நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்படி வாசலில் அவள் மிச்சக் காபியை வாய் வைத்துக் குடித்தாள். டம்ளர் சிவந்தது.

"ஐயோ, மறுபடியும் உங்களுக்குக் காட்டுதேங்க!" என்று திரும்பி அழுதாள்.

அவள் மேலுதட்டில் காபி நுரை ஒட்டியிருந்தது.