ஏழாம் கூண்டின் உறுப்பினர்

எங்கள் பண்ணைப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஏழாம் கூண்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதால், கோழியான நான் உறுப்பினரானேன். கூட்டத்தில் பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரச் சேவல்தான். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது என் பொதுப்பணி.

கூண்டு மூலையில் ஓர் ஓட்டை. அந்த வழியாகக் கீரி வந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது.

"மெம்பரக்கா, எப்பதான் அடைப்பீங்க?" என்று பக்கத்துப் பெட்டைக்கோழி கேட்டாள்.

"தீர்மானம் போட்டாச்சும்மா" என்றார் சேவல். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே ஓட்டையில் கீரியின் மூக்கு தெரிந்தது. எதிரே என் ஐந்து குஞ்சுகள். சேவல் உத்தரத்துக்குப் பறந்துவிட்டார். எனக்கும் பறக்கத்தான் ஆசை, கால் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். வால் இறகு நாலு போயிற்று. கீரி உள்ளே வரவில்லை.

"ஓட்டையை அடைச்சாச்சு! எல்லாம் நம்ம முயற்சி!" என்று மேலிருந்து கூவினார் சேவல்.

"கீரி போயிடுச்சு, எந்திரிங்கக்கா" என்றாள் பெட்டை.

"நான் எழுந்தா ஓட்டை திறந்துடுமேடி" என்றேன்.

அடுத்த தேர்தலிலும் என்னையே ஜெயிக்க வைத்தார்கள். பதவியேற்க மட்டும் என்னால் எழுந்து போக முடியவில்லை. சேவல் போய் ஏற்றுக்கொண்டு வந்தார்.