விதுரா தாண்டினால் நிற்கும் லாரி

விதுரா தாண்டி நாலாவது மைலில் லாரி மறுபடியும் நின்றது.

இரண்டு இருமல். அப்புறம் மூச்சில்லை.

மூன்று வாரமாக இதே கதைதான். திருவனந்தபுரத்துக்குள், சாலைக் கடைத்தெருவில் நாள் முழுக்கச் சுமை இழுத்தாலும் ஒரு குறை சொல்லாது. பொன்முடித் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கல்லாற்றை எட்டும் முன்பே படுத்துவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டால், எதுவுமே நடக்காததுபோல எழுந்து ஓடும்.

டிரைவர் ஞானையனுக்கு இதுதான் பிடிபடவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயிற்று. கார்புரேட்டரை ஊதிப் பார்த்தாயிற்று. எல்லாம் சுத்தம்.

இன்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று முதலாளி பஞ்சாபகேசன், மெக்கானிக் வேலாயுதனையும் ஏற்றிக்கொண்டு கூடவே வந்திருந்தார்.

வேலாயுதன் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றான். சூடேறினால் எண்ணெய் தண்ணீராகிவிடும், அழுத்தம் கசிந்துபோகும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரிப்பேர் செய்யவும் வழியில்லையாம். சிலிண்டரை ஏற்கெனவே இரண்டு தடவை கடைந்தாயிற்று, மூன்றாவது தடவை கடைந்தால் சட்டியில் அடியே இருக்காது என்று சிரித்தான். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட எஞ்சின் ஒன்று அவன் கைவசம் இருந்தது.

மாற்றிவிடுவது என்று ரோட்டோரத்திலேயே முடிவாயிற்று.

கூடவே இன்னொன்றும் முடிவாயிற்று. புது எஞ்சினுக்குப் புது டிரைவர். பழையதைத் தேய்த்தது ஞானையன் கைதானாம்.

பதினோரு வருஷமாக அந்த லாரியின் ஸ்டியரிங் வளையம் பிடித்த கை. ஞானையனுக்குக் காது மடல் கொதித்தது. ரிங் தேய்ந்த வண்டி நீலமாகப் புகை விடும், எண்ணெய் குடிக்கும். இது இரண்டும் செய்யவில்லையே என்று கேட்டான். அப்படியானால் என்ன கோளாறு, நீயே சொல்லேன் என்றார் முதலாளி.



முதலாளி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏண்டா ஞானையா, டாங்கிலே பெட்ரோல் இருக்கோ, இல்லே அதையும் வர்ற வழியிலே வித்துட்டியோ?"

பெட்ரோல் ரேஷனில் வந்த காலம். டிரைவரிடம் அப்படிக் கேட்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

ஞானையன் விறுவிறுவென்று டாங்குப் பக்கம் போனான். காலையில் குச்சி விட்டு அளந்தது அவனே. இவர்கள் கண்ணால் பார்க்கட்டும். மூடியைத் திருகினான்.

உஸ்ஸென்று ஒரு சத்தம்.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போயிற்று.

அரை டாங்கு பெட்ரோல் பளபளத்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். ஞானையன் பார்க்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் ஓடி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. ஆறவில்லை, அரைமணி ஆகவில்லை, கொதிக்கக் கொதிக்கப் பிடித்தது.

வேலாயுதன் சிரிப்பை நிறுத்தினான்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால், கொஞ்சம் வழிந்துவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட வேண்டும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். டாங்கும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். அதற்காகவே மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். ஊருக்குள் ஓடுவது சிறு தூரம், தெரியாது. இருபத்தைந்து மைல் நிற்காமல் ஓடினால் டாங்கு தன் பெட்ரோலையே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சும்மா நின்றால் விளிம்பு வழியாக மெல்லக் கசிந்து காற்று ஏறும்.

ஞானையன் மூடியைத் திருப்பினான்.

துளை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி குளித்துவிட்டு வந்து கட்டைவிரலால் அழுத்தி வைக்கிற பொட்டு. மழை இருந்தவரை கழுவிக்கொண்டு போயிற்று. வெயில் வந்ததும் பொட்டின்மேல் பொட்டாகக் கல்போல இறுகிவிட்டது.

அவன் கை பட்டிருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும். அவன் கிறிஸ்தவன். வேதக்காரன் சந்தனத்தை அழித்துவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, இத்தனை நாளும் அவன் மூடியை ஓரத்தில் மட்டுமே பிடித்துத் திறந்திருக்கிறான்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் இறங்கவில்லை. கம்பி முனையால் சந்தனத்தைச் சுரண்டினான். துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. மூடியை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சாமி, பொட்டை இனி மூடியில வைக்காண்டாம். பக்கத்துல, டாங்கு மேல வச்சாப் போதும்."