கரையாத தீனி

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. தாங்க மாட்டா” என்றார் வீட்டுக்காரர். சமையலறையில் மனைவி திறந்துவிட்டிருந்த குழாய்ச் சத்தம் நின்றுவிடுகிறதா என்று அந்தப் பக்கம் ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

தொட்டிக்காரர் முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டபடி நின்றார். வீடுகளில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி வைத்துக் கொடுப்பதும், அவ்வப்போது வந்து பார்ப்பதும் அவர் தொழில். பாறைமேல் விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்த அந்தப் பச்சைப் பவளத்தை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

“சார், இது ரப்பர்.”

“மெதுவா பேசுங்க.”

தொட்டி அவர்களுடைய ஒரே பையனுடையது. பவளம் ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தான். விளக்குப் போட்டு வெகுநேரம் ஆகியும் விரியாத பச்சைக்குப் பெயர் தூங்குமூஞ்சி.

போன கோடையில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் சூடேறியது. பெற்றவர்கள் இருவர் மட்டும் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, தூங்குமூஞ்சி ஒன்றைத் தவிர மற்றவை வெளுத்து வெறும் எலும்பாக நின்றன.

அதற்குப் பிறகு தொட்டிக்காரர் எப்போது வந்தாலும் அந்தம்மாள்தான் கதவைத் திறப்பாள். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இன்று அவரே வந்து திறந்தார். முகம் மழித்திருந்தார்.

“நாம என்னதான் செய்யல தம்பி?” என்றார் இப்போது. “தண்ணியைக் குளிர வைக்க நீங்க சில்லர் போட்டீங்க. இந்த வருஷம் வெயில் ஏறின வாரம் பார்த்து அது காலை வாரிடுச்சு. விளக்கைக் குறைச்சோம், மூடியைக் கழட்டிட்டு ஃபேன் வச்சோம், பாட்டில் பாட்டிலா ஐஸ் மிதக்க விட்டோம். எங்க ஃப்ரீசர்ல ஒரு கைப்பிடி பட்டாணி வைக்க இடம் கிடையாது.”

“அப்படியும் ஏறிடுச்சா?”

“முப்பத்திரண்டு டிகிரி. சதை அப்படியே கழண்டு வந்துடுச்சு. அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள இதை வாங்கி அதே இடத்துல ஒட்டிட்டேன்.”

“மேடம் கண்டுபிடிக்கலையா?”

“தினம் சாயங்காலம் உட்கார்ந்து அதுக்குத் தீனி ஊட்டறா. ரப்பர் எங்க திங்கும்? அப்படியே கிடக்கும். விட்டா தண்ணி நாறிடும், குட்டு வெளிப்பட்டுடும். அதனால விடியறப்ப, அவ முழிச்சுக்கிறதுக்கு முன்னாடி, ட்யூப் போட்டு எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துடறேன். அப்புறம் எங்க போய்ப் படுக்கறது? குளிச்சுட்டு, டீ போட்டு அவளை எழுப்பறேன்.”

அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

தொட்டிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தீனி டப்பாவை எடுத்தார். “மேடம் போன்ல சொல்லியிருந்தாங்க. எப்பவும் வாங்கற பொடி வேண்டாமாம். தண்ணியில கரையாத மாதிரி உருண்டையா வேணுமாம்.”

“அவளுக்கு என்ன தெரியும், பாவம். கொடுங்க.”

அந்தம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். தொட்டியைப் பார்க்காமல் தொட்டிக்காரரைப் பார்த்தாள். “எப்படி இருக்கான் தம்பி, தூங்குமூஞ்சி?”

வீட்டுக்காரரின் கண் தொட்டிக்காரர் முகத்திலேயே நின்றது.

“நல்லா இருக்கும்மா.”

“சூடு?”

“இருபத்தாறு. அதுக்கு மேல ஏறல.”

தண்ணீர் கடைசியில் சொன்னபடி கேட்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சியில் பிழைத்துக்கொள்ள உள்ளே உயிருள்ளது எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் விரல்கள் மட்டும் ஒரே சீராக ஆடின.

“என்னங்க, தொட்டியில இருந்து எடுத்த அந்த வாளித் தண்ணியக் கொட்டிட்டு வந்துடுங்களேன்” என்றாள். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அவள் தொட்டிக்காரரை வழியனுப்பப் படியிறங்கி வந்தாள்.

கேட் அருகில் தொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. சத்தியம் செய்து கொடுக்காவிட்டாலும் சொல்லாமல் இருக்க வேண்டும். அந்த மனுஷனுக்கு வேலையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். வண்டியில் பையை மாட்டியபடி, “தீனி தினம் வேண்டாம்மா. வாரத்துக்கு ஒருதரம் போட்டாலே தாராளம்” என்றார்.

“இல்ல தம்பி. தினம் போடணும்.”

“அவ்வளவு அது திங்காதும்மா.”

“ரப்பர் எங்க திங்கும்?”

தொட்டிக்காரர் பையின் வாரைப் பிடித்தபடியே நின்றார். பின்பக்கம் வாளித் தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்டது. அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

“அந்தத் தீனியை அள்ளத்தான் தம்பி அவர் எழுந்திரிக்கிறார்.”