மாடியறைச் சூடு

குளிர் மலையூரான ஸ்பிரிங்வெளியில் மீனாம்பாள் வீட்டு மாடியறையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், வீட்டின் ஸ்மார்ட் சிஸ்டத்தில் வைத்த அளவில் நிற்கவே மாட்டேன் என்றது. பழுதுபார்க்க வந்த சுஜன் சூட்டைக் குறைத்தால், மறுநிமிடமே அது தானாக ஏறிவிடும்.

நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அவனுக்குக் காரணம் பிடிபட்டது.

"இன்னொரு போன்ல இருந்து யாரோ கூட்டிக்கிட்டே இருக்காங்கம்மா. துவாரகான்னு பேரு காட்டுது. அத நீக்கிட்டா சரியாயிரும்."

"ஐயோ, நீக்கிறாதீங்க தம்பி!" மீனாம்பாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது என் மக. அவ குளிரு தாங்கமாட்டா."

"அப்ப அவங்களையே குறைக்கச் சொல்லுங்களேன். எங்க இருக்காங்க?"

மீனாம்பாள் ஜன்னலைத் திறந்து எதிர்மலையைக் காட்டினாள்.

"போன ஐப்பசி மழையில அந்த மலை சரிஞ்சப்ப உள்ள போனவ தம்பி. இன்னும் ஆளும் கெடைக்கல, போனும் கெடைக்கல."