கீழ் மூலை

"கீழ் மூலையில கோடு கோடா ஒண்ணு இருந்துச்சே, அது எங்க மேடம்?"

ஜீவானந்தம் இதைக் கேட்டதும் ப்ரியம்வதாவின் முகம் மலர்ந்தது. யார் கண்ணுக்கும் படாது என்று நினைத்த வேலையை அவர் கவனித்துவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சு சார். ஒரு படம் விடல. இருந்த இடமே தெரியாது."

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், ஜீவானந்தத்தின் வீட்டு முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ப்ரியம்வதா. அவர் கார் கம்பெனியில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்ட் ஷாப் தொழிலாளி. பல வருஷங்களுக்கு முன்னால் டேப்லட்டில் விரலால் படம் வரைந்து, ஒரு வெப்சைட்டில் போட்டு வைத்திருந்தார். அந்த சைட்டை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ப்ரியம்வதாவும் அவள் நண்பர்களும் அதிலிருந்த படங்களை இறக்கிப் பத்திரப்படுத்தினார்கள். இப்படிக் காணாமல் போக இருக்கும் டிஜிட்டல் படங்களைக் காப்பாற்றி, இணையத்தில் கண்காட்சியாக வைப்பதுதான் அவர்கள் வேலை. இன்று மாலை திறக்கப்போகும் கண்காட்சி முழுக்க ஜீவானந்தம் போட்ட படங்கள்.

"எடுத்துட்டீங்களா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா சார். ஸ்கிரீன்ல கோளாறா இருந்திருக்கும். இல்லேன்னா வரையறப்போ உள்ளங்கை பட்டிருக்கும். எங்க டீமே உக்காந்து சுத்தம் பண்ணுச்சு."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் ஒரகடம் மேம்பாலம் மலைப்பாம்பாக வளைந்து படுத்திருந்தது. கன்டெய்னர் லாரிகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயின. மஞ்சள் ஜேசிபி ஒன்று வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டுச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தது.

"இதுக்கு நானே குறிப்பு எழுதியிருக்கேன் சார். வயல் போன வலியை இவ்வளவு சிரிப்பா யாரும் சொன்னதில்லேன்னு."

"அதுல வலியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். ஜேசிபி சோறு துன்னுது, அவ்ளோதான்."

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சரோஜா சிரித்துவிட்டாள். ஜீவானந்தம் சிரிக்கவில்லை.

"அந்தக் கோட்டைத் திரும்பப் போட முடியுமா?"

"எதுக்கு சார்? பாக்கறவங்க படம் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. ஜப்பான்லேருந்து, ஜெர்மனிலேருந்துகூடப் பாக்க வராங்க. உங்க கற்பனை அவங்களுக்குப் பளிச்சுனு தெரியணும்."

"அப்ப இந்தக் கண்காட்சி வேணாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே ப்ரியம்வதாவுக்குப் பயமாக இருந்தது. அழைப்பு எல்லோருக்கும் போய்விட்டது. சாயங்காலம் வெறும் பக்கத்தைத் திறந்து காட்ட முடியுமா? கணவருக்கு எடுத்துச் சொல்லச் சொல்வதுபோல் சரோஜாவைப் பார்த்தாள்.

"அது இல்லாம இந்தப் படம் எங்களுக்கு எதுக்கும்மா?" என்றாள் சரோஜா.

கலைஞர்களின் பிடிவாதம் ப்ரியம்வதாவுக்குப் புதிது இல்லை. ஆனால் படத்தைக் கெடுப்பதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"பழைய ஃபைலை நாங்க அழிக்கறதே இல்ல சார்," என்றாள் கடைசியில். "சுத்தம் பண்றது அதோட காப்பியிலதான். உங்களுக்கு வேணும்னா பழசையே போட்டுடறேன்."

ஜீவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் அப்படியே கீதுங்களா?"

"அப்படியே இருக்கு."

"மொதல்லேருந்து வரிசையாக் காட்டுங்க மேடம். சரோஜா, இங்க வா."

சரோஜா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கணவரின் தோளுக்குப் பின்னால் நின்றாள். ப்ரியம்வதா பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்காட்சியில் ஏற்றினாள். முதல் படத்தின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்ததில் யாரோ தேய்த்துவிட்டதுபோல் ஒரு தீற்றல். அப்புறம் தடுமாறி நிற்கும் ஒரு கோடு.

"இது வந்த அன்னிக்கு நீங்க ஷிப்டுக்கே போகல," என்றாள் சரோஜா.

"போனேன். பாதியில லீவு சொல்லிட்டு வந்தேன்."

மலைப்பாம்பும் யானை லாரிகளும் திரையில் வந்துபோயின. இருவரும் அவற்றைப் பார்க்கவே இல்லை என்பதை ப்ரியம்வதா அப்போதுதான் கவனித்தாள். கடைசிப் படம் சோறு தின்னும் ஜேசிபி. அதன் மூலையில் கோணல்மாணலாக ஓர் 'அ' இருந்தது. சுத்தம் செய்தபோது அது எழுத்து என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"போட்டாச்சு சார்," என்றாள். "இனி உங்க பேர்தான் பாக்கி. ஜீவானந்தம்னு மட்டும் போடட்டுமா, இனிஷியலும் வேணுமா?"

"என் பேரு வேணாம் மேடம். அமலான்னு போடுங்க."

"அமலாவா?"

"எங்க பொண்ணு. பொறக்கும்போதே ரெண்டு கையும் வெளங்கல. ஒரு வெரலக்கூட நீட்டி எதையும் தொட முடியாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. இப்ப ஒன்பதாவது படிக்குது. பரீட்சை எழுத ஆள் தரேன்னாங்க. வேணாம்னுட்டு அதுவே எழுதுது."

ஜீவானந்தம் திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"வரைஞ்சதுன்னா இதுதான் மேடம். மேல இருக்கறதெல்லாம், அது கையை நீட்டணும்னு நான் காட்டின வேடிக்கை."